ஹர்ஷிணி வரையாத சேவல்

சிங்காநல்லூர்
2.2.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

லோகப்பிரியா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என்னைத் தவிர. போனில் கூப்பிட்டால் "சரி கண்ணு, சரி கண்ணு" என்றே என் வாயை அடைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆண்டு விழாக் கண்காட்சியில் என் நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் படங்களைக் கழற்றிவிட்டு, டிராயிங் மாஸ்டர் லட்சுமணசாமியிடம் புதிதாக வரையச் சொல்லி, கீழே பிள்ளைகளின் பெயரை ஒட்டியிருக்கிறீர்கள். தாளாளர் நீங்கள், பள்ளிக்கூடமும் சுவரும் உங்களுடையவை. அந்தப் பெயர்களுமா உங்களுடையவை?

அது என்ன பாடம் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? சின்னப் படத்தின் மேல் கட்டம் போட வேண்டும். வேறு தாளில் பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துப் படத்தைப் பெரிதாக்க வேண்டும். படமும் கணக்கும் சேர்ந்தே நடக்கும். தறி ஓட்டும் சென்னகிருஷ்ணனின் மகள் ஹர்ஷிணி, வாய்ப்பாடு என்றாலே அழுகிற பிள்ளை. அவள் வேண்டுமென்றே கட்டத்தை அகலத்தில் மட்டும் இரண்டு மடங்காக்கினாள். சேவல் உப்பிப்போய் வாத்து மாதிரி ஆகிவிட்டது. வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். பிறகு, "மிஸ், ஒசரத்தையும் ரெண்டு மடங்கு பண்ணுனா மறுக்கா சேவலாயிருமுங்களா?" என்று கேட்டாள். போட்டுப் பார்த்தாள், ஆனது. பெரிய கட்டத்துக்குள் சின்னக் கட்டம் இரண்டு இல்லை, நாலு அடங்குகிறது என்று அவளே கண்டுபிடித்து, என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினாள்.

அந்த வாத்தையும் சேவலையும்தான் கழற்றினீர்கள். மாஸ்டர் வரைந்த சேவலுக்கு மேடையில் அவளுக்கு முதல் பரிசும் கொடுத்தீர்கள். எனக்குக் கை தட்ட வரவில்லை.

பிள்ளைகளின் படங்கள் எனக்குத் திரும்ப வேண்டும். மாட்டியிருந்தவை அவர்கள் வரைந்தவை அல்ல என்று காலை வணக்கக் கூட்டத்தில் நீங்கள் சொல்ல வேண்டும்.

உங்கள் தங்கை,
லோகப்பிரியா

கருமத்தம்பட்டி
5.2.2025

அன்புத் தங்கைக்கு அண்ணன் தனபால் எழுதியது. மாப்பிள்ளையையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்லவும். உன் அண்ணி பருப்புப் பொடி கொடுத்துவிட்டால் வாங்காமல் திருப்பி அனுப்பினாயாமே. அவள் என்ன பாவம் செய்தாள்?

கோபப்படாதே அம்மணி. பெற்றோர் சுவரைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்தை எடை போடுகிறார்கள். உப்பின சேவலைப் பார்த்தால், "இங்க ஒண்ணும் சொல்லிக் குடுக்கறதில்லையாட்ட இருக்குதுங்க" என்று பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். சென்னகிருஷ்ணன் மாஸ்டர் வரைந்த படத்தின் பக்கத்தில் மகளை நிறுத்திப் போட்டோ எடுத்து, சொந்தபந்தம் அத்தனைக்கும் அனுப்பியிருக்கிறார். அந்தச் சந்தோஷத்தை நான் கெடுக்கவா?

பிள்ளையைக் கேட்காமலும் செய்யவில்லை. மேடையில் மைக்கை நீட்டி, "நீதான வரைஞ்ச கண்ணு?" என்று கேட்டேன். "ஆமாங்க சார்" என்றாள். நீயும் அங்கேதான் நின்றாய்.

பழைய படங்கள் பந்தல்காரர்கள் கூட்டிய குப்பையோடு போய்விட்டன. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
தனபால்

சிங்காநல்லூர்
7.2.2025

அண்ணா,

குப்பையோடு போய்விட்டன என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்!

"ஆமாங்க" என்றாளாம். நம் பக்கத்தில் பெரியவர் ஒருவர், அதுவும் தாளாளர், ஊர் முன்னால் கேட்டால் ஒன்பது வயதுப் பிள்ளை வேறென்ன சொல்லும்? "இல்லீங்க" என்றிருந்தால் வீட்டில் முதுகு பழுத்திருக்கும். அவள் கொடுத்தது மரியாதை. நீங்கள் அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டுகிறீர்கள். பொய் சொல்லக் கூடாது என்று நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் மேடையேற்றிப் பொய் சொல்ல வைத்துப் பரிசும் கொடுக்கிறீர்கள்.

கூட்டத்தில் சொல்வீர்களா, மாட்டீர்களா?

லோகப்பிரியா

கருமத்தம்பட்டி
9.2.2025

அன்புள்ள அம்மணி,

அத்தனை பேர் முன்னால் நான் தப்பை ஒத்துக்கொண்டால் நாளைக்கு எந்த ஆசிரியர் என் பேச்சைக் கேட்பார்? அது மட்டும் என்னால் ஆகாது.

ஹர்ஷிணிக்கு நல்ல கலர் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன். "தேங்க்ஸ்ங்க சார்" என்று சிரித்துக்கொண்டு ஓடினாள். பிள்ளைகள் மறந்துவிடுவார்கள், நீயும் மறந்துவிடு. தைப்பூசத்துக்கு எல்லோரும் மருதமலை போகிறோம். நீ வராமல் வண்டி எடுக்க எனக்கு மனசு வராது.

அண்ணன்,
தனபால்

சிங்காநல்லூர்
14.2.2025

அண்ணாவுக்கு,

நான் மலைக்கு வரவில்லை. வண்டி போய்த்தான் வந்திருக்கிறது.

இன்று அதே பாடத்தை மறுபடி எடுத்தேன். இந்த முறை ஆட்டுக்குட்டி. ஹர்ஷிணி ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாள். ஒரு கோடு பிசகவில்லை, எல்லாம் ஒரே அளவு. உள்ளே ஒன்றுமே வரையாமல் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். படம் எங்கே என்று கேட்டேன்.

"கட்டம் போட்டுட்டனுங்க மிஸ். படத்த டிராயிங் சார் போட்டுக்குவாருங்க."

முகத்தில் வருத்தமில்லை, கோபமில்லை. எனக்குச் சொல்கிற யோசனை மாதிரி சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். மறந்துவிடுவாள் என்று எழுதினீர்களே, அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். உங்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்த வருடம் முடிந்ததும் வேலையை விட்டு நின்றுகொள்கிறேன். ராஜினாமாவை இத்துடன் வைத்திருக்கிறேன். கூட்டத்தில் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். என்னைச் சமாதானம் செய்யவும் வேண்டாம். திங்கட்கிழமை வகுப்புக்கு வாருங்கள். அவள் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் பண்ணுனது தப்பு கண்ணு" என்று அவளிடம் சொல்லுங்கள்.

அவள் உடனே, "பரவாயில்லீங்க சார்" என்பாள். அதை நம்பி எழுந்து வந்துவிடாதீர்கள்.

லோகப்பிரியா