ஜன்னல் பச்சையில் ஒரு மாண்டலின்

மாமா,

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, இரண்டு நாள் யோசனைக்கும் வீட்டில் நடந்த ஒரு சுற்றுப் பேச்சுவார்த்தைக்கும் பிறகு, என் வெள்ளைச் சட்டையை மூன்றாம் முறை சலவைக்குப் போடுவதில்லை என்று முடிவெடுத்தேன். இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை. முகர்ந்தால் இன்னும் வார்னிஷ் வாசம். சட்டையை மடித்து பீரோவின் கீழ்த்தட்டில் வைத்தாயிற்று. அந்த வாசம் கையில் இருக்கும்போதே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பெயிண்ட் ஷாப். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பல வருடம் மூச்சு விட்டதிலேயே பெயிண்ட் வேலை முழுவதும் பிடிபட்டுவிட்டதாக நீங்கள் கருதினீர்கள். சுங்குவார்சத்திரத்தில் யாரும் அதை மறுக்கவில்லை. மறுத்தால் நிரூபிக்க வந்துவிடுவீர்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் நம் தெருவில் வீடுகளுக்கு வெள்ளையடித்து, ஜன்னல் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். டப்பாவில் கொஞ்சம் மிஞ்சும். அதைக் கொட்ட யாருக்கும் மனம் வராது, வைத்திருந்தால் இறுகிவிடும். ஆகவே வீட்டில் நகராமல் இருக்கும் எந்தப் பொருளுக்கும் அந்த வாரம் ஆபத்து. உங்கள் வீட்டு அலாரம் கடிகாரம் அப்படித்தான் பச்சையானது. பிறகு அது யாரையும் எழுப்பவில்லை.

அந்த வருடம் அக்கா முதல் பிரசவத்துக்கு எங்கள் வீட்டில் இருந்தாள். அவளுடைய மாண்டலின் உங்கள் வீட்டில் ஆணியில் தொங்கியது. முதுகு சுரைக்காய் போல உருண்ட, பழைய வாத்தியம். மதராசில் ஓர் ஏலக் கடையில் அப்பா அவளுக்கு எடுத்துக் கொடுத்தது. பன்னிரண்டு வயதிலிருந்து ஞாயிறுதோறும் சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்து அதைத்தான் வாசித்தாள். நீங்கள் அவளைப் பெண் கேட்டதே அதைக் கேட்டுத்தான் என்று சொல்வீர்கள்.

குழந்தையோடு அவளை நான்தான் கொண்டுவந்து விட்டேன். நீங்கள் மாண்டலினைத் துணிபோட்டு மூடி வைத்திருந்தீர்கள். துணியை எடுத்தீர்கள்.

"இன்னா, எப்டி கீது?"

அக்கா குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு ஒரு தந்தியைத் தட்டினாள். அரிசி டின்னைத் தட்டியது போலச் சத்தம் வந்தது.

"வூட்டுக்கு அடிச்சீங்க, சரி. இது இன்னா பாவம் பண்ணுச்சு?"

"பழசா, அழுக்கா கெடந்துச்சே. இப்ப ஜன்னலுக்கு மேட்சா கீது பாரு. மூணு கோட்டு."

"ஜன்னல் பாடுமா?"

துளைக்குப் பக்கத்தில் ஒரு கொசு பெயிண்டில் ஒட்டி, காலை விரித்தபடி உறைந்திருந்தது. அக்கா அதை விரலால் காட்டினாள். "அது காஞ்சா தானா உதுந்துடும்" என்றீர்கள்.

அவள் சண்டை போட்டிருந்தால் உங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையோடு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். முன்வரிசையில் ஆர்மோனியம் தனியாக இழுத்துக்கொண்டிருந்தது. நீங்கள் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கடைசி பெஞ்சையே பார்த்தீர்கள்.

இதை ஏலத்தில் தள்ளிவிட்டு, அங்கேயே நல்லதாக ஒன்றை எடுத்துவிடலாம் என்பது உங்கள் யோசனை. இருவரும் மதராசுக்கு பஸ் ஏறினோம். ஏலக் கடைக்காரர் மாண்டலினை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கொசுவைக் கூடுதலாகக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா சார் இது, வாத்தியமா, பொம்மையா?"

"மாண்டலின்தாங்க. புதுசா பெயிண்ட் பண்ணது."

"கீறலோட, பழைய பாலிஷோட கொண்டாந்திருந்தா நான் நீன்னு எடுத்திருப்பாங்க. கஷ்டப்பட்டு வெலய எறக்கி கீறீங்களே!"

நான்கு திரைச்சீலைக் கம்பிகளோடு சேர்த்து ஒரே உருப்படியாக அது ஏலம் போனது. எடுத்தவருக்குக் கம்பிதான் தேவைப்பட்டது. திரும்பும் பஸ் பூந்தமல்லியைத் தாண்டியது. பிறகு, "அந்த ஆளுக்குக் கலர் தெரில மச்சான்" என்றீர்கள்.

அதன்பின் ஓவர்டைம் இல்லாத ஞாயிறுகளில் ஏலக் கடைதான். ஏன் ஆராதனைக்கு வருவதில்லை என்று கேட்ட போதகரிடம், "பொண்டாட்டிக்கு ஒண்ணு தேடறேன் ஐயா" என்றீர்கள். அவர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு உங்களுக்காக ஜெபித்தார்.

மாண்டலின்கள் வராமல் இல்லை. வந்தவற்றில் கைபடாதது ஒன்றுகூட இல்லை. ஒன்றுக்கு ரயில் பெட்டிச் சிவப்பு. ஒன்றுக்கு இரும்பு கேட்டுக்கு அடிக்கும் வெள்ளி. ஒன்றில் ரோஜாவும் கிளியும். இன்னொன்றை யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அப்பளம் ஆக்கியிருந்தார். எல்லாம் கம்பியோடும் உடைந்த நாற்காலியோடும் சேர்ந்து போயின. பழைய மாண்டலினைக் கெடுக்க மழையோ கரையானோ தேவையில்லை, வீட்டில் அன்புள்ள ஓர் ஆண்பிள்ளையும் அரை டப்பா பெயிண்டும் போதும் என்று அப்போது எனக்குப் பட்டது. உங்களிடம் சொல்லவில்லை.

மூன்றாம் வருடம் ஒன்றை எடுத்தீர்கள். காப்பிப்பொடி நிறத்தில் தடிமனான பெயிண்ட். உள்ளே மரம் நன்றாக இருக்கும், சுரண்டிவிடலாம் என்றீர்கள். கொல்லையில் உட்கார்ந்து கண்ணாடித் துண்டால் சுரண்ட ஆரம்பித்தீர்கள். நான் பக்கத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன்.

"எந்த மடையன்டா இவன்? வாத்தியத்து மேல இப்டியா அப்புவான்?"

காப்பிப்பொடிக்குக் கீழே வெள்ளி வந்தது.

"ரெண்டு பேரு! ரெண்டு மடையனுங்க!"

வெள்ளிக்குக் கீழே பச்சை வந்தது. கை நின்றது. நீங்கள் மாண்டலினைப் பார்த்தீர்கள். ஜன்னலைப் பார்த்தீர்கள். பிறகு மிக மெதுவாக, துளைக்குப் பக்கத்தில் சுரண்டினீர்கள். காலை விரித்தபடி கொசு இருந்தது.

எங்கள் பின்னால் அக்கா எப்போது வந்து நின்றாளோ தெரியாது.

"உதுந்துடும்னீங்க?" என்றாள்.

அப்படியே துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். மூன்று வருடத்தில் அந்தச் சிரிப்பை நாம் கேட்டிருக்கவில்லை. நீங்களும் சிரித்தீர்கள், கொஞ்சம் தாமதமாக, அனுமதி உண்டா என்று பார்த்துக்கொண்டு.

பத்து நாள் ஷிப்ட் முடிந்து வந்து வந்து, வெறும் மரம் தெரியும்வரை சுரண்டினீர்கள். புதுத் தந்தி கட்டி அக்கா வாசித்தாள். பழைய குரல் இல்லை, ஜலதோஷம் பிடித்த குரல். ஆனாலும் அது குரல். அந்த ஞாயிறு அவள் முன்வரிசைக்குப் போனாள். நீங்கள் நேராகக் கடைக்குப் போய் ஒரு டப்பா வார்னிஷ் வாங்கி வந்தீர்கள்.

"ஒரே ஒரு கோட்டு. இல்லாங்காட்டி மரம் கெட்டுடும்."

அக்கா டப்பாவைப் பிடுங்கி என் பையில் போட்டாள். "உன் வூட்ல ஒளிச்சு வைடா. இவரு கண்ணுல படவே கூடாது."

ஆறு வருடம், என்னைப் பார்க்கும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள்: "மச்சான், அந்த டப்பா?" யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொன்னேன். பொய் மாமா. எங்கள் பரணில்தான் இருந்தது.

போன மாதம் உங்களுக்காகத் தச்சர் செய்து கொண்டுவந்த பெட்டி வெறும் பலகையாக இருந்தது. அக்கா அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். என்னைக் கூப்பிட்டாள்.

"அந்த டப்பா கீதாடா?"

"கீதுக்கா."

"எட்தா. ஒரு கோட்டு அடி. கேட்டுகினே இருந்தாரு."

நான் பிரஷ் பிடித்ததில்லை. உங்கள் பிரஷ்தான், காம்பில் பச்சை ஒட்டிய அதே பிரஷ். ஒரு கோட்டு அடித்தேன். டப்பாவில் கொஞ்சம் மிஞ்சியது. கொட்ட மனம் வரவில்லை. இரண்டாவது கோட்டும் அடித்தேன். வந்தவர்கள் பளபளவென்று இருப்பதாகச் சொன்னார்கள்.

காய்வதற்கு ஒரு முழு நாள் ஆகும் என்று டப்பாவின் அடியில் அச்சிட்டிருந்ததைக் கல்லறையிலிருந்து திரும்பிய பிறகுதான் படித்தேன். உங்களைத் தூக்கியவர்கள் ஆறு பேர். ஐந்து பேர் சட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.