மாமா குடித்த பச்சிலைப் பால்

1961 ஜூன் 18
காலையிலிருந்து சாரல். கப்பலில் வேலை பார்க்கும் எங்கள் அண்ணன் வந்துவிட்டுப் போனான். ஜப்பானில் வாங்கியதாம், ஒரு டப்பா நிறையப் பச்சைப் பொடி. தேயிலையை அவித்து, உலர்த்தி, மாவாக அரைத்தது. பெயர் மாச்சாவாம். "மச்சானா?" என்றேன். அண்ணன் சிரித்த சிரிப்பில் அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

டப்பாவை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டேன். மாமாவுக்குத் தேயிலை என்றாலே ஆகாது. இந்த வீட்டில் காப்பி உண்டு, டீ விஷம். அதனால்தானே என் நாத்தனார் மங்களத்தின் கல்யாணப் பேச்சே நின்றது! மாப்பிள்ளைப் பையன் குற்றாலிங்கத்துக்கு மலையில் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் தேயிலை பாக்டரியில் உத்தியோகம். ஜாதகம்கூடப் பொருந்தியது. "டீக்காரப் பயலுக்கு எம் மகளக் கொடுக்கவா?" என்று மாமா எழுந்து போய்விட்டார்கள். அன்றிலிருந்து மங்களம் சோற்றை அளைந்துகொண்டிருக்கிறாள்.

ஜூன் 20
மாமா வயலுக்குப் போன நேரம் பொடியை வெந்நீரில் கலக்கினேன். அத்தை முகம் கோணிற்று. "ஏட்டி, குளத்துப் பாசியல்லா கரைச்சிருக்கே!" மங்களம் மட்டும் மடக் மடக்கென்று குடித்தாள். டீ என்று சொன்னால் இவள் வேப்பெண்ணெயையும் குடிப்பாள்.

ஜூன் 21
தேங்காய்ப்பால், சர்க்கரை, கொஞ்சம் ஏலம் – ஆகா! அத்தை இன்னொரு டம்ளர் கேட்டார்கள்.

ஜூன் 25
துணிந்துவிட்டேன். தேங்காய் பர்பியில் பொடியைப் போட்டுக் கிளறினேன். கிளிப்பச்சை! மாமா ஒரு துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்கள்.

"என்னம்மா, பச்சையா இருக்கு?"

"பச்சிலைப் பொடி போட்டிருக்கேன், மாமா."

பொய்யா? தேயிலையும் பச்சை இலைதானே! அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார்கள். தட்டு காலி.

ஜூன் 26
மாமாவுக்கு நேற்றுத் தூக்கமே வரவில்லையாம். தேவாரம் பாடிக்கொண்டு கிடந்தார்களாம். "பச்சிலை நல்ல சுறுசுறுப்பு கொடுக்கு" என்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஜூலை 5
அருவியில் குளித்துவிட்டு வந்ததும் மாமாவுக்குச் சூடாகப் பச்சிலைப் பால் வேண்டும். இப்போது கூடக் குளிக்க வரும் சிநேகிதர்களையும் வீட்டுக்குக் கூட்டி வருகிறார்கள். "எம் மருமக கைப்பக்குவம். டீயைக் குடிச்சு ஏன்வே குடலைக் கெடுக்கீரு?" என்று அவர்களுக்குப் பிரசங்கம் வேறு! அடுப்படியில் நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவோம்.

ஜூலை 11
டப்பா காலி. அண்ணன் கப்பல் எங்கே மிதக்கிறதோ. ஒரே வழிதான் – இவரை ரயிலேறிப் போய்க் குற்றாலிங்கத்தைப் பார்க்கச் சொன்னேன். தேயிலையைக் கறுக்க விடாமல் அவித்து உலர்த்தி அரைத்துத் தர முடியுமா என்று கேட்க வேண்டும்.

"அப்பா தோலை உரிச்சிருவாக."

"உரிக்கட்டும். கேட்டுட்டு வாங்க."

ஜூலை 16
ஐயோ! குற்றாலிங்கம் பொட்டலத்தைக் கொடுத்தனுப்புவான் என்று பார்த்தால், ஆளே வந்து நின்றான்! கூடத்தில் மாமா. கதவுக்குப் பின்னால் நாங்கள். மங்களம் நெரித்த நெரிப்பில் என் வளையல் உடைந்தது.

"என்னது இது?" என்றார்கள் மாமா.

"தேயிலை. பால்ல கலக்க உங்க மருமக கேட்டாகளாம்."

பாவி, ஒரு பொய் சொல்லத் தெரிய வேண்டாமா?

"அப்போ இத்தன நாளா நான் குடிச்சது டீயா?"

"ஆமா. பிடிக்கலன்னா எடுத்துட்டுப் போயிருதேன்."

பொட்டலம் பிரியும் சத்தம் கேட்டது. பிறகு மாமா சொன்னார்கள்: "வச்சிட்டுப் போ."

ஜூலை 17
ஆடி பிறந்துவிட்டது. மாமா என்னோடு பேசவில்லை. என் கொழுப்பால மங்களத்துக்கு இருந்த ஒரு வழியையும் அடைச்சிட்டேனோ? அவ மூஞ்சியப் பாக்க முடியல. சும்மா கிடக்கக் கூடாதா நான்?

ஜூலை 22
மாமாவின் சிநேகிதர்கள் வந்தார்கள். மாமா தொண்டையைச் செருமினார்கள். "அம்மா, பச்சிலைப் பால் கொண்டா."

ஊரெல்லாம் தாமே பேசிய பேச்சை மாமா எப்படி விழுங்குவார்கள்!

இந்தப் பச்சிலை எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டுவிட்டார். மாமா மேல்கூரையைப் பார்த்தார்கள். "ஆரியங்காவுப் பக்கம் ஒரு பையன் தாரான். பொய் பேசத் தெரியாத பய."

மங்களம் இன்று மறுசோறு கேட்டாள்.

ஆகஸ்ட் 27
மங்களத்தின் நிச்சயதாம்பூலம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். ரயிலுக்கு நேரமிருக்கிறதென்று குற்றாலிங்கம் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். அடுப்படியிலிருந்து எழுதுகிறேன். இலையை எவ்வளவு நேரம் அவிப்பது என்று அவருக்கும் மாமாவுக்கும் கூடத்தில் பெரிய வழக்கு. மாமா குரல்தான் தெரு வரைக்கும் கேட்கிறது:

"உமக்கு ஒண்ணும் தெரியல மாப்பிள்ளை! அடுத்த வாரம் நானே பாக்டரிக்கு வந்து காட்டுதேன்!"