உன் கடையில் வாங்கிய பப்பாளி

சோலை,

நான் ரெண்டாம் ஷிப்டுக்குக் கப்பலூர் போகிறேன். சோறும் அவரைக்காய்ப் பொரியலும் மூடி வைத்திருக்கிறேன். பொரியலை ஒதுக்காமல் சாப்பிடு.

தினமும் காயும் பழமும் சாப்பிடச் சொன்னார் டாக்டரம்மா. நீயோ நேற்று, “நல்லதையெல்லாம் நாமளே தின்னுட்டா பரவைச் சந்தையில எதை விக்கிறதாம்?” என்று சண்டைக்கு வந்தாய். சொத்தையும் அழுகலும்தான் நம் வீட்டுக்கா?

இன்று காலை ஒருவரிடம், “அம்புட்டுலயும் இதுதாண்ணே நல்ல பழம்” என்று ஒரு பப்பாளியை விற்றாயே, அவர் எங்கள் கம்பெனி வாட்ச்மேன். நான்தான் அனுப்பினேன். பழம் தட்டில் இருக்கிறது. மறுபடி கடைக்கே கொண்டுபோய்விடுவாய் என்றுதான் நறுக்கி வைத்தேன்.

நல்லகாமன்

எனக்கென்று மிச்சம் வைக்காதே. வைப்பாய் என்று தெரிந்துதான் என் பங்கை முதலிலேயே தின்றுவிட்டேன்.