வெள்ளை அங்கியில் கிரீஸ்

ஜூன் 4

அன்புள்ள அக்கா,

நான் சுகம். இனி ஆலயத்துக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். கோபப்படாமல் படி.

பஸ் டிப்போவில் ஷிப்ட் முடிந்து ஞாயிறு காலை நேராக ஆராதனைக்குப் போகிறவன் நான். குளிக்க நேரம் இருக்காது. பெஞ்சில் கிரீஸ் படக்கூடாதென்று செய்தித்தாள் விரித்துத்தான் உட்காருவேன். போன வாரம் கமிட்டிப் பெரியவர் வந்து, "தம்பி, நாலு பேர் வர்ற இடம். வெளிய வராண்டாவுலயும் ஸ்பீக்கர் இருக்கு" என்றார். பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தம்பி

ஜூன் 11

என் தம்பிக்கு,

சலவைக்கூடத்தில் நின்றபடியே படித்தேன். ஆஸ்பத்திரி விரிப்புகள் மலையாய்க் கிடந்தன, கை ஓடவில்லை.

போன வருஷம் ஆலய ஜெனரேட்டருக்குள் நீ தலையை விட்டுக்கொண்டு கிடந்தாயே, அந்த கிரீஸ் மட்டும் அவருக்கு மணத்ததாமா? ஆலயம் என்ன அவர் பாட்டன் வீட்டுச் சொத்தா?

எனக்காக ஒரு தரம் போ. அதே பேப்பர், அதே பெஞ்ச். அதற்கப்புறமும் மனசு ஒட்டவில்லை என்றால் நான் வாயைத் திறக்கமாட்டேன்.

அக்கா

ஜூன் 19

அன்புள்ள அக்கா,

உன் தொல்லை தாங்காமல் நேற்றுப் போனேன். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில் கைகளைப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். போதகர் கடைசி பெஞ்ச் வரை இறங்கி வந்தார்.

"கையக் கொடுங்க."

"அழுக்கா இருக்குங்க ஐயா."

"நான் கையத்தான் கேட்டேன்."

என் கையை இழுத்துத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அவருடைய வெள்ளை அங்கியில் என் அஞ்சு விரலும் பதிந்துவிட்டது. அந்தக் கறையோடேயே எல்லோருக்கும் திருவிருந்து அப்பம் கொடுத்தார். கமிட்டிப் பெரியவரும் அந்தக் கையிலிருந்துதான் வாங்கினார். நான் அழுதுவிட்டேன் அக்கா. நீ மட்டும் விரட்டாமல் இருந்திருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்காது.

வாசலில் பெரியவர் நின்றார். "அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது தம்பி" என்றார். அங்கி துவைப்பது அவர் வீட்டில்தான். கொஞ்சம் தயங்கி, "இந்தக் கறை எதுல போகும்?" என்று கேட்டார்.

"எங்க அக்காவைக் கேட்டுச் சொல்றேன்" என்றிருக்கிறேன்.

தம்பி

ஜூன் 26

என் தங்கமே,

முதலில் தண்ணீர் படக்கூடாது என்று சொல். பாத்திர சோப்பைக் காய்ந்த துணியிலேயே தேய்த்து, அரை மணி நேரம் விட்டு, வெந்நீரில் அலச வேண்டும்.

உன் போதகரை நினைத்துக் கர்த்தருக்கு நன்றி சொல்லிக்கொண்டேதான் இங்கே விரிப்புகளைத் துவைக்கிறேன். பெரியவரை நினைத்தும்தான். அந்த வயதில் தப்பைத் தப்பென்று சொல்ல மனசு வேண்டும்.

சோப்பு மட்டும் நிறைய வாங்கி வைக்கச் சொல். நீ வாரா வாரம் போவாய் அல்லவா?

அக்கா