பாம்புக்கு மைக்செட்

அன்பு மகள் மேனகாவுக்கு அப்பா எழுதுறது. நானும் அம்மாவும் ஒரு குறையும் இல்லாம இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த பிரான்ஸ் குளிர்ல உடம்பைப் பார்த்துக்கிட்டு நல்லா இருக்கணும். போன்ல சொன்னா கோவத்துல பாதியிலயே வெச்சிடுவேன், அதான் எழுதுறேன்.

நம்ம வீட்டுக்குப் பின்னால குமாரவேலோட காலி மனை இருக்குல்ல, அங்க ஒரு நல்ல பாம்பு வந்து தங்குச்சு. மாடியில நின்னு தெனம் பார்ப்பேன். வெயில் ஏறினதும் இடிஞ்ச சுவரோரமா வந்து நீட்டிப் படுத்துக்கும், சூடு அதிகமானா செங்கல்லுக்குள்ள போயிடும். பூனை குறுக்க போனாக்கூட தலையைத் தூக்காது. வனத்துறைக்குச் சொல்லிடலாம்னேன். குமாரவேல் என்ன பண்ணான் தெரியுமா, நாகாத்தம்மன் வந்துட்டான்னு மஞ்சத்துணி கட்டி மைக்செட் வெச்சு தெருவையே கூட்டிட்டான். பாலை ஊத்தி, முட்டையை உடைச்சு, சூடத்தை அது மூஞ்சிக்கு நேரா காட்டுறாங்க. போக வழியில்லாம அது படம் எடுத்துச் சீறுது, ஆத்தா ஆடுறான்னு இவங்க கன்னத்துல போட்டுக்குறாங்க. பயந்து நிக்குதுய்யா, வழி விடுங்கன்னு கத்தினேன், எனக்கு பக்தி இல்லயாம்.

எதிர் வீட்டு செல்வாம்பாள் குனிஞ்சு பால் கிண்ணத்தை வெக்கிறா, பாம்பு அவ கையில ஒரே போடு. நல்ல வேளை, வாயைத் திறக்காம மூஞ்சியால முட்டித் தள்ளியிருக்கு, பல்லு படல. அது எங்களுக்கு அப்ப எப்படித் தெரியும், நானும் அம்மாவும்தான் அவளை ஆட்டோவுல ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒரு நாள் வெச்சுப் பார்த்துட்டு விஷம் ஏறலன்னு அனுப்பினாங்க. திரும்பி வந்தா, ஆத்தா தொட்டு ஆசீர்வாதம் பண்ணிட்டான்னு குமாரவேல் மைக்ல சொல்லிக்கிட்டு இருக்கான்! வந்ததே ஆத்திரம், வயரைப் பிடுங்கி எறிஞ்சிட்டேன். அப்புறம் நானே போன் பண்ணி, வனத்துறை ஆள் வந்து பிடிச்சுக்கிட்டுப் போனார். அம்மனைத் துரத்தினவன்னு தெருவுல பாதிப் பேர் என்கிட்ட பேசறதில்ல. செல்வாம்பாளும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறா.

அதைக்கூட விடு, வெள்ளிக்கிழமை உங்கம்மாவே பால் செம்போட அந்த மனைக்குக் கிளம்புறா. பாம்புதான் இல்லியே, யாருக்குடி ஊத்தப் போறேன்னு கேட்டேன். திரும்பி வந்துடாத தாயேன்னு வேண்டிக்கத்தான் போறேங்கிறா. இந்தக் கொடுமையை நான் யார்கிட்ட சொல்றது?

குமாரவேல் பாம்பு வீடியோ அனுப்பினா யாருக்கும் அனுப்பித் தொலைக்காத. அந்தக் குளிர்ல காதை மூடிக்கிட்டு வெளிய போ. நீங்க ரெண்டு பேரும் நூறு வயசு நோய் நொடி இல்லாம வாழணும்.

உன் அப்பா,
பலராமன்
நெல்லித்தோப்பு, புதுச்சேரி