மேல் பிரிவுக்கு ஓர் ஓட்டு

அன்பு நிறைந்த என் கணவருக்கு,

வணக்கம். நானும் மகளும் நல்லபடியாக இருக்கிறோம். நீங்கள் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்காகக் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு விஷயத்தைத் தொடங்கி நடுவுக்கு வருவதற்குள் யாராவது உங்களைப் பாலம் கட்டும் இடத்துக்குக் கூப்பிட்டுவிடுகிறார்கள். இதை நீங்கள் முழுதாகப் படிக்க வேண்டும்.

முதலில் வீட்டுச் சங்கதி. சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. பிளம்பர் இதோ வருகிறேன் என்றவர், இன்னும் வந்துகொண்டே இருக்கிறார். மகளுக்குக் கண்ணாடி போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கறுப்புச் சட்டமா, நீலச் சட்டமா என்று அவளுக்கும் எனக்கும் ஒரே வாக்குவாதம். கடைசியில் அப்பாவிடம் கேட்டுக்கொள் என்று சொல்லித் தப்பித்தேன்.

இனி ஃபுட்பால் கிளப் விஷயம். நம் கிளப் மேல் பிரிவுக்குப் போகத் தகுதி பெற்றதைத்தான் போனில் சொன்னேன். அன்றைக்கு மைதானத்தில் நான் நின்ற நிலையைச் சொல்லவில்லை. நம் பையன்கள் ஆட்டத்தைச் சமன் செய்துதான் முடித்தார்கள். விசில் ஊதியதும் எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். சரி, இந்த வருஷமும் இவ்வளவுதான் என்று நான் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். திடீரென்று பின்னால் பெரும் சத்தம். ஆட்கள் வேலியைத் தாண்டிக் குதித்து உள்ளே ஓடுகிறார்கள். அடிதடி என்று நினைத்து மகளின் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தேன். துணைத் தலைவர், அதுதான் நம் மருந்துக்கடைக்காரர், குறுக்கே வந்து நின்று அழுகிறார். யாருக்கு என்ன ஆச்சு என்று பதறிப்போய்க் கேட்டேன். "அங்க அவங்க தோத்துட்டாங்க மேடம், நாம மேல போறோம்" என்றார். எங்கேயோ யாரோ தோற்றதற்கு நாம் ஏன் குதிக்கிறோம் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. நம்மோடு போட்டியில் இருந்த அணி தோற்றதால் நம் புள்ளியே போதும் என்று மகள்தான் கணக்குச் சொல்லிப் புரியவைத்தாள். அதற்குள் என்னையும் நாலு பேர் தூக்கிவிட்டார்கள். ஒரு செருப்பு இன்னும் கிடைக்கவில்லை.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்தான். கோச் வீட்டுக்கு வந்து மேல் பிரிவின் விதிகளை எடுத்துச் சொன்னார். நாற்காலி, விளக்கு எல்லாம் இருக்கட்டும். அதற்குப் பணம் போட விளம்பரக் கம்பெனி தயாராக இருக்கிறதாம். ஆனால் மேல் பிரிவில் ஆடுகிறவர்கள் வேறு வேலை பார்க்கக் கூடாதாம், முழுநேர ஆட்டக்காரர்களாக இருக்க வேண்டுமாம். வாரநாளில் ஆட்டம், தூர ஊர்ப் பயணம். நம் பையன்களில் அப்படி வர முடிந்தவர்கள் நான்கே பேர். காப்டன், எல்லோரும் கொக்கு என்று கூப்பிடுகிறவன், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். அந்த வேலையை விட்டால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. பின்வரிசையில் ஆடும் 'கதவு' பெயின்டர் வேலை பார்க்கிறான். உங்களுக்குத்தான் தெரியுமே, அவனைத் தாண்டி எவனும் உள்ளே போக முடியாது என்று நீங்கள் வைத்த பெயர்தானே அது. அவனுக்கும் வயது முப்பதைத் தாண்டிவிட்டது, தோள் எலும்பில் பிளேட் வேறு. ஆக, மேலே ஏற்றிவிட்டவர்களில் ஏழு பேர் மேலே போக மாட்டார்கள். அவர்கள் இடத்துக்குப் புது ஆட்கள் வருவார்கள்.

அப்படியானால் ஜெயித்தது யார் என்று கோச்சிடம் கேட்டேன். "கிளப்தான் மேடம்" என்றார். கிளப் என்றால் யார் என்று கேட்டேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுப் போய்விட்டார்.

நீங்கள் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் புறப்பட்டபோது, "சும்மா கையெழுத்துப் போடற வேலைதான், நான் வர்ற வரைக்கும் பாத்துக்கோ" என்று சொல்லி இந்தத் தலைவர் நாற்காலியில் என்னை உட்கார வைத்தீர்கள். வருஷம் மூன்று ஆகப் போகிறது. இப்போது மேலே போவதா வேண்டாமா என்று ஓட்டெடுக்கும் பங்குதாரர்கள் கூட்டத்தில் நான் எழுந்து நின்று பேச வேண்டும். நிதி, ஊர், லட்சியம் என்று மருந்துக்கடைக்காரர் மூன்று தலைப்பு கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கிறவளுக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, இனி மூச்சு விடலாம். இதுதான் நான் இத்தனை வருஷமாகப் பேசிய பேச்சு.

மேலே போகலாம் என்று சொல்வதா, இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்வதா? காலையில் ஒன்று சரியென்று படுகிறது, மாலையில் மற்றது. நீங்கள் கட்டி வளர்த்த கிளப். உங்கள் மனசில் இருப்பதைச் சொன்னால் எனக்குப் பெரிய உபகாரமாக இருக்கும்.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்க வேண்டாம்.

பதிலை எதிர்பார்க்கும்,
உங்கள் மனைவி.

*

அன்புள்ள கணவருக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். குழாய் சரியாகிவிட்டது. மகள் நீலச் சட்டமே வாங்கிக்கொண்டாள், அவளுக்கு நன்றாக இருக்கிறது.

கூட்டம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. அன்று இரவு போனில், நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டீர்கள், முடிந்தது என்றேன். நடந்தது இதுதான்.

கூட்டத்தைப் பள்ளியின் தேர்வுக் கூடத்தில் வைத்தோம். மேஜைகளில் பிள்ளைகளின் தேர்வு எண் ஒட்டியபடியே இருந்தது. பெரிய பெரிய ஆட்கள் அந்தக் குட்டி பெஞ்சுகளுக்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது பாதிப் பயம் போய்விட்டது. நிதியைப் பற்றிச் சொன்னேன். கடன் இல்லை, கையிருப்பும் பெரிதாக இல்லை என்றேன், யாரும் சண்டைக்கு வரவில்லை. ஊரைப் பற்றிச் சொன்னேன். காலையில் நம் மைதானத்தில் நடக்கிறவர்கள், மதியம் விளையாட வரும் பள்ளிப் பிள்ளைகள், வாரக்கடைசியில் சைக்கிள் பழகும் பெண்கள், இவர்களுக்கெல்லாம் கதவு திறந்தே இருக்கும் என்றதும் கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து, "கதவு எப்படி மேடம் தொறந்திருக்கும், அவன் வேலையே சாத்தறதுதானே" என்றான் கொக்கு. கூடமே சிரித்தது.

மூன்றாவது தலைப்பு லட்சியம். காகிதத்தைப் பார்க்கிறேன், எழுத்து இருக்கிறது, ஒன்றும் படிக்க வரவில்லை. யாரோ ஒருவர், "மேடம், இனி மூச்சு விடலாம்" என்றார். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு நான்தானே எக்ஸ்ரே எடுத்திருக்கிறேன். மறுபடியும் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு மனசில் இருந்ததைச் சொன்னேன்.

"எனக்கே தெளிவா இல்ல. ஜெயிச்சவங்கள வெளிய அனுப்பிட்டு, ஜெயிச்ச எடத்துக்கு வேற ஆளக் கூட்டிட்டுப் போறதுக்குப் பேரு வளர்ச்சியான்னு தெரியல. வேணாம்னு சொன்னா, இவங்க பாடுபட்டு வாங்கினதத் தூக்கித் திருப்பிக் குடுக்கற மாதிரி இருக்கு. நான் இந்த வருஷம் வேணாம்னுதான் கை தூக்கப் போறேன். அதுதான் சரின்னு அடிச்சுச் சொல்ல என்னால முடியாது."

இப்படித்தான் பேசினேன். பேக்கரிக்கார அம்மா எழுந்து, "தலைவருக்கே தெரியலன்னா நாங்க யாரப் போய்க் கேக்கறது?" என்றார். அது நியாயமான கேள்வி. நான் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு கை தூக்கச் சொன்னார்கள். இரண்டு பருவம் ஆடியவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு என்று நீங்கள்தானே விதி கொண்டுவந்தீர்கள். அதனால் பையன்களுக்கும் ஓட்டு இருந்தது. அவர்கள் என் பக்கம் நிற்பார்கள் என்று நினைத்தேன். அவர்களுக்காகத்தானே பேசினேன். மேலே போகலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் முதல் கை கொக்குவுடையது. அப்புறம் வரிசையாகப் பையன்கள் அத்தனை பேரும். கதவு தூக்கியது பிளேட் வைத்த கை. அந்தத் தோளைப் படம் எடுத்தவள் நான், அது எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும். முடிந்த மட்டும் தூக்கி, எண்ணி முடிக்கும்வரை இறக்காமல் வைத்திருந்தான்.

கடைசியாக மருந்துக்கடைக்காரர் எழுந்தார். "என்னுது ஒண்ணு. சார் போன் பண்ணி அவர் ஓட்டையும் எங்கிட்டக் குடுத்திருக்காரு. ரெண்டும் மேல போறதுக்கு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று ஓட்டு வித்தியாசத்தில் மேலே போவது என்று முடிவானது. உங்கள் ஓட்டு இல்லாவிட்டாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். அதனால் ஓட்டைப் பற்றி எனக்குக் குறை இல்லை. உங்கள் ஆசை உங்களுக்கு. ஒன்றுதான் விளங்கவில்லை. கடிதம் கிடைத்தது என்றீர்கள், யோசித்துச் சொல்கிறேன் என்றீர்கள். அதற்குப் பிறகு குழாயைப் பற்றி எத்தனை நாள் பேசினோம்.

கூட்டம் முடிந்து பெஞ்சுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் வந்தார். மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். அடுத்த பருவத்துக்கும் நானே தலைவராக இருக்க வேண்டும் என்றார். "சார் வேற இன்னும் ரெண்டு வருஷம் அங்கதான்னு சொல்லிட்டாரு. நீங்க இல்லன்னா எப்படி மேடம்?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். தெரிந்த விஷயத்தைக் கேட்பது போலத்தான் நின்றேன் என்று நினைக்கிறேன். ஒரு பெஞ்சை இழுத்து, அது எந்த வரிசையிலிருந்து வந்தது என்று தெரியாமல் மறுபடியும் பழைய இடத்திலேயே வைத்தேன். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதையாவது தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம். காதும் அவருக்குக் கொஞ்சம் மந்தம்.

அந்த ஏழு பேரிடமும் யார் சொல்வது என்று அடுத்த பேச்சு வந்தது. கோச், வாட்ஸப்பில் ஒரு செய்தி போட்டுவிடலாம் என்றார். நான் சொல்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உடை மாற்றும் அறைக்கு ஒவ்வொருவராக வரச் சொன்னேன். அந்த அறையில் ஈரத் துண்டு வாடை, ஜன்னல் வேறு திறக்காது. ஒருவனுக்கு அழுகை வந்தது. ஒருவன், புதிதாக வருகிறவனுக்கு என்ன சம்பளம் என்று கேட்டான், தெரியாது என்றேன். கொக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வண்டியை எடுக்க ஓடினான், அவனுக்கு அழைப்பு வந்துவிட்டது.

கடைசியாக வந்தவன் கதவு. நகத்தில் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "தெரியும் மேடம், கை தூக்கினப்பவே தெரியும்" என்றான். பின்னே ஏன் தம்பி தூக்கினாய் என்று கேட்டேன். நகத்துப் பெயின்ட்டைச் சுரண்டினான். "சரியா சொல்லத் தெரியல. வேணாம்னு தூக்கினா, நாளைக்கு அந்த மைதானம் பக்கமே வர முடியாதுன்னு தோணுச்சு" என்றான். எழுந்து வாசல் வரை போனவன் திரும்பி, "போன்ல ஒரு வரி வரும்னு நெனச்சேன். எதிர்ல உக்கார வெச்சுச் சொன்னீங்க. அது போதும் மேடம்" என்றான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவனுக்குக் கெட்ட செய்திதான் சொன்னேன். அவன் ஏன் நன்றி சொல்வது போலச் சொன்னான் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த பருவத்துக்கு நான் தலைவராக இருப்பேனா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உயரத்தில் நிற்கும்போது பெல்ட் போட மறக்காதீர்கள். நீங்கள் கட்டுகிற பாலம் நல்லபடியாக நிற்கட்டும், அதில் போகிறவர்கள் எல்லாம் பத்திரமாக வீடு போய்ச் சேரட்டும்.

எது இருந்தாலும் என்னிடம் சொல்லுங்கள். நான் கேட்டுக்கொள்வேன்.

என்றும் உங்கள்,
மனைவி.