கண்ணாடியில் நிமிர்ந்த காவிரி

அக்கா,

இன்று காலை மழையில் நனைந்து வந்து தலை துவட்டத் துணி தேடியபோது, பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்தக் கைக்குட்டை கையில் வந்தது. கைக்குட்டை என்று மற்றவர்களுக்குச் சொல்லலாம். உங்களுக்கும் எனக்கும் அது ட்ரேசிங் துணி. படத்தின் மேல் விரித்து மசியால் படியெடுக்கிற அந்த மொடமொடத்த துணியை, வேலை முடிந்ததும் வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சியைக் கசக்கி எடுத்தால், உள்ளே மெத்தென்று ஒரு வெள்ளைத் துணி கிடைக்கும். நம் ஆபீசில் பாதிப் பேர் அதில்தான் முகம் துடைத்தார்கள். ஈரம் பட்டதும் அந்தப் பழைய கஞ்சி வாடை எழுந்தது. நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன். என்ன அத்தை என்று மருமகள் கேட்டாள். சொல்ல ஆரம்பித்தால் உன் குழம்பு தீய்ந்துவிடும் என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. அதற்காக உங்களோடு பேசாமல் இருக்க முடியுமா?

எழுபதுகளின் கடைசி அது. ஆறு, வாய்க்கால், மதகு என்று படம் போடுகிற ஆபீஸ் நம்முடையது. பென்சிலில் வரைவது ஆண்கள். அதை மசியில் படியெடுப்பது நீங்களும் நானும். ஒவ்வொரு படத்தின் வலது மூலையிலும் மூன்று சின்னக் கட்டங்கள் இருக்கும்: வரைந்தவர், படியெடுத்தவர், சரிபார்த்தவர். பதினொரு வருஷமாக நடுக்கட்டத்தில் மட்டும் உங்கள் இனிஷியல். முதல் கட்டத்தில் ஒரு தரமாவது அதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை. அதற்கான பரீட்சையும் தேறியிருந்தீர்கள். மூன்று முறை தலைமை வரைவாளரிடம் எழுதிக் கொடுத்தீர்கள். மூன்றாம் முறை அவர், “நகல் எடுக்கிற கை நகல்தாம்மா எடுக்கும்” என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அன்று மத்தியானம் நீங்கள் தயிர்சாதத்தைப் பிசைந்த வேகத்தைப் பார்த்து நான் என் டப்பாவைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் பொருட்காட்சியில் நம் ஆபீசுக்கும் ஒரு ஸ்டால் கொடுத்தார்கள். முக்கொம்பு முதல் கல்லணை வரை, காவிரியும் கொள்ளிடமும் நடுவில் ஸ்ரீரங்கமுமாக, நிஜத் தண்ணீர் ஓடுகிற மாடல் ஒன்று செய்ய வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. தலைமைப் பொறியாளரே பார்க்க வருகிறாராம். ஆண்கள் அத்தனை பேருக்கும் திடீரென்று தலைக்கு மேல் வேலை வந்துவிட்டது. நீங்கள் எழுந்து, “நாங்க பண்றோம் சார்” என்றீர்கள். அதில் நானும் சேர்த்தி என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். நான் அன்று தற்காலிக ஊழியர், பாலக்கரையிலிருந்து வந்து போகிற இருபத்திரண்டு வயசுப் பெண். எந்த நாளும் நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம். உங்களுக்கோ, பெரியவர் கண்ணில் வேலை பட்டால் அந்த முதல் கட்டம் கிடைக்கும் என்ற கணக்கு.

எட்டடிப் பலகை ஒன்றைச் சாமான் அறையில் போட்டுக்கொண்டு தொடங்கினோம். அக்கா, நாம் செய்த கூத்துகளை ஒருவரும் நம்பமாட்டார்கள். முதலில் அளவு. எல்லாம் ஒரே அளவில் சுருங்க வேண்டும் என்று நீங்கள் சத்தியம் செய்த மாதிரி நின்றீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைக்கோட்டை ஒரு புளியங்கொட்டை உயரம் வந்தது. அதையும் செய்து வைத்தோம். சாமான் எடுக்க வந்த தலைமை வரைவாளர் குனிந்து பார்த்து, எலிப் புழுக்கை கிடக்கிறது, பெருக்கித் தள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு ஆற்றுக்கு ஓர் அளவு, மலைக்கும் கோபுரத்துக்கும் வேறு அளவு என்று வழிக்கு வந்தீர்கள்.

அடுத்தது கோபுரங்கள். தெர்மாக்கோலில் ஒரு வாரம் அறுத்து அறுத்து, அடுக்கு அடுக்காக ஒட்டி, கடைசியில் எனாமல் பெயின்ட் அடித்தோம். அடித்த இடமெல்லாம் கோபுரம் பொசுங்கி உட்கார்ந்தது. கண் முன்னால் ஒவ்வொரு நிலையாகக் கரைகிறது, நான் பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். “ஏண்டி ரோஸி, பெருமாள் கோயிலை இடிச்ச பாவம் நம்ம ரெண்டு பேருக்கும்னா வந்து சேரப்போறது” என்று நீங்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும், அப்படியே இரண்டு பேருக்கும் சிரிப்பு பீறிட்டதும் நினைவிருக்கிறதா? பிறகு சாக்பீஸைப் பேனாக்கத்தியால் செதுக்கிக் கோபுரம் செய்தோம். பிளாஸ்டர் மலை இறுகியபோது உங்கள் கண்ணாடி வளையல் ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டது. உடைத்துத்தான் கையை எடுத்தீர்கள். மலைக்கோட்டைக்குள் பாதி வளையல் கடைசிவரை இருந்தது.

இதெல்லாம் சில்லறை. பெரிய தப்பு வேறு, அதைச் செய்தவள் நான்.

வரைபடத்தின் கோடுகளைத் துணியில் படியெடுத்து, அந்தத் துணியைப் பலகை மேல் பரப்பி, அடியில் கார்பன் வைத்து அழுத்தி வரைந்தது நான்தானே. ட்ரேசிங் துணியில் கோடு இரண்டு பக்கமும் தெரியும். எது மேல்பக்கம் என்று காட்டிக்கொடுப்பது எழுத்துதான். நான் ஊர்ப்பெயர்களை அப்புறம் எழுதலாம் என்று விட்டிருந்தேன். துணியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டேன். அந்தக் கோடுகளை நம்பித்தான் மூன்று வாரம் ஆறு தோண்டினோம், மலை வைத்தோம், பாலம் கட்டினோம்.

பொருட்காட்சிக்கு நாலு நாள் இருக்கையில் நீங்கள் முக்கொம்பில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினீர்கள். சொட்டுக்கூட ஒழுகாமல் அழகாக ஓடியது. நான் கை தட்டினேன். நீங்கள் தட்டவில்லை.

“ரோஸி, தினம் காத்தால நான் பாலத்துல பஸ்ல வரேன். வெயில் எந்தப் பக்கம் வரதோ அந்தப் பக்கமாத்தான் காவேரி போகும். இது என்னடி, மேற்கே பாத்துப் போறது?”

நான் குனிந்து பார்த்தேன். மலைக்கோட்டையில் நின்று ஸ்ரீரங்கத்தைப் பார்ப்பவர்களுக்குக் காவிரி இடமிருந்து வலமாக ஓட வேண்டும். நம் காவிரி வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தது. பலகையை எந்தப் பக்கம் சுற்றி வைத்தாலும் அது சரியாகாது. பிளாஸ்டர் கல்லாக இறுகிவிட்டது. இன்னொன்று செய்ய மூன்று வாரம் வேண்டும், கையில் இருந்தது நாலு நாள். நான் மூலையில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அழுது முடித்து, இந்த முகத்தோடு வெளியே போக முடியாதே என்று கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்தேன். எனக்குப் பின்னால் நின்ற நீங்கள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தீர்கள். என் கையைப் பிடித்துக் கண்ணாடியை இப்படியும் அப்படியும் சாய்த்தீர்கள். என் முகம் போய் அதில் ஆறு வந்தது. காவிரி இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் உங்கள் பீரோவின் கதவு, ஆளுயரக் கண்ணாடியோடு, சைக்கிள் ரிக்‌ஷாவில் ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி வந்தது. நீங்கள் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினீர்கள். உங்கள் வீட்டுக்காரர் அந்த வாரம் முழுக்கத் திருமண்ணைத் தடவிப் பார்த்தே இட்டுக்கொண்டாராம். கோணலாக இருக்கிறது என்று பெருமாள் ஒன்றும் சொல்லவில்லை என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். அவர் மாதிரி ஒரு மனுஷர் கிடைக்க வேண்டும்.

கண்ணாடியைப் பலகைக்கு மேலே சாய்த்து மாட்டினோம். சுற்றிலும் உங்கள் அரக்குப் புடவையைத் திரையாகக் கட்டினோம். பார்க்க வருகிறவர்கள் நிமிர்ந்து கண்ணாடியைத்தான் பார்க்க முடியும். ஊர்ப்பெயர்கள் கண்ணாடியில் சரியாகத் தெரிய வேண்டுமே? அதற்குத்தான் நாம் இருக்கிறோமே. துணியில் நேராக எழுதி, இந்த முறை வேண்டுமென்றே கவிழ்த்துப் போட்டு, இடவலம் மாறிய எழுத்துகளைப் படியெடுத்தோம். நகல் எடுக்கிற கைதான் அதையும் செய்தது.

பொருட்காட்சியில் வேறெந்த ஸ்டாலிலும் அப்படிக் கூட்டம் இல்லை அக்கா. பத்தாவது வரிசையில் நின்றவர்களுக்கும் ஆறு முழுசாகத் தெரிந்தது. உச்சிப்பிள்ளையார் கோயில் மேலே ஏறி நின்று பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று மண்ணச்சநல்லூரிலிருந்து வந்த ஒரு விவசாயி எல்லோருக்கும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தன் ஊர் வாய்க்கால் எங்கே என்று கேட்டு, நீங்கள் மூங்கில் குச்சியால் காட்டியதும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

இரண்டாம் நாள் தலைமைப் பொறியாளர் வந்தார். நிமிர்ந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார். தண்ணீரை இன்னொரு முறை விடச் சொன்னார். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை, யாருடைய யோசனை என்று கேட்டார். நான் உங்களைப் பார்த்தேன். அதற்குள் நம் தலைமை வரைவாளர் சிரித்துக்கொண்டே முன்னால் வந்து, யோசனை ஒன்றும் இல்லை, ஆற்றைக் கவிழ்த்துச் செய்துவிட்டார்கள், அதை மறைக்கத்தான் கண்ணாடி என்று சொல்லிவிட்டார். திரையை விலக்கியும் காட்டினார்.

பெரியவர் குனிந்து பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. துணியைக் கவிழ்த்துப் போட்டது யார் என்று கேட்டார். நான்தான் என்று சொல்ல வேண்டியவள் நான். சொல்லவில்லை.

“கவிழ்த்ததும் நான்தான் சார். நிமிர்த்தினதும் நான்தான்” என்றீர்கள் நீங்கள்.

பதினொரு வருஷமாகக் காத்திருந்த அந்தக் கட்டத்தை அந்த ஒரு நிமிஷத்தில் தூக்கிப் பந்தயம் வைத்தீர்கள். அவர் உங்களைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், இடவலம் மாறிய எழுத்துகளைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், ஸ்டாலே அதிர்ந்தது. இந்தம்மா எந்தப் பலகையில் வரைகிறார் என்று கேட்டார். வரைவதில்லை சார், படியெடுக்கிறவர் என்று தலைமை வரைவாளர் இழுத்தார். “தப்பை ஒத்துக்கிட்டு அதைச் சரியும் பண்ணத் தெரிஞ்சவங்களை வச்சுக்கிட்டு நகல் எடுக்கவா சொல்றீங்க? அடுத்த படத்தை இவங்களுக்குக் குடுங்க.”

அன்று மாலை நாம் இரண்டு பேரும் டெல்லி அப்பளம் வாங்கித் தின்றுகொண்டு, மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றினோம். ஏன் அக்கா அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “நீ டெம்பரரிடி. உன்னை அனுப்பிடுவா. என்னைத் திட்டத்தான் முடியும்” என்று சொல்லி, என் அப்பளத்தில் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டீர்கள்.

அந்த அடுத்த படம் ஒரு சின்ன வாய்க்கால் மதகு. வரைந்தவர் என்ற கட்டத்தில் நீங்கள் இனிஷியல் போட்டபோது மசிப் பேனாவிலிருந்து ஒரு சொட்டு விழப் பார்த்தது. நான் கையைக் குவித்துக் கீழே பிடித்தேன். பக்கத்துக் கட்டத்தில் என் இனிஷியல். அதற்குப் பிறகு உங்கள் படங்கள் எத்தனையோ நான் படியெடுத்தேன். எட்டு வருஷம் கழித்து நானும் முதல் கட்டத்துக்கு வந்தேன். உங்களால்தான் வந்தேன்.

கவிழ்ந்துபோன அந்தத் துணியை நீங்களே வெந்நீரில் அலசி, இரண்டு கோடியிலிருந்தும் ஆளுக்கொரு கைக்குட்டை அளவு கிழித்தீர்கள். கல்லணைப் பக்கம் உங்களுக்கு, முக்கொம்புப் பக்கம் எனக்கு. கஞ்சி போனாலும் மசி முழுசாகப் போகவில்லை. இப்போதும் வெளிச்சத்தில் பிடித்தால் காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடம் மங்கலாகத் தெரிகிறது. இன்றைக்கும் எந்தக் காகிதத்தை எடுத்தாலும், ரேஷன் கார்டாக இருந்தாலும், ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேஜையில் வைக்கிறேன்.

அன்று நான் சொல்லாததை உங்களிடம் நூறு முறை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் நீங்கள் பேச்சை மாற்றினீர்கள். எழுத்தில் மட்டும் அதை ஒருபோதும் வைத்ததில்லை. அதனால் இந்தக் கடிதத்தின் வலது மூலையில், ஸ்கேல் பிடித்து, இரண்டு கட்டங்கள் போட்டிருக்கிறேன். கவிழ்த்தவர் என்ற கட்டத்தில் என் இனிஷியலைப் போட்டாயிற்று. நிமிர்த்தியவர் என்ற கட்டத்தில் உங்களுடையதை, நீங்கள் போடுகிற அதே சாய்வில், நானே படியெடுத்துவிட்டேன். அந்த வேலை எனக்கு நன்றாகத் தெரியும் அக்கா.

ரோஸி